ஐந்தாம் பெட்டியில் ஓடாத கறுப்பி

இந்தப் பக்கத்தில் நான் எழுதிய பயணங்களில் பாதி, யாராவது ஒரு சொந்தக்காரர் "நீயும் வாவன்" என்று இழுத்துக்கொண்டு போனவை. இதுவும் அப்படித்தான். என் பெரியப்பாவின் மகள் பவானி அக்காவும் அவருடைய கணவர் யோகன் அத்தானும் லண்டனின் செவன் கிங்ஸ் பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் அத்தானுக்கு என்ன பிடித்ததோ தெரியாது, கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து ஓட்டப் பந்தய நாய் ஒன்றை வாங்கிவிட்டார். கிரேஹவுண்ட் இனம், பெட்டை, தலை முதல் வால் வரை கறுப்பு. பதிவில் அதற்கு நீளமான ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கிறது. அக்கா வைத்த பெயர் கறுப்பி.

கறுப்பி முன்னங்காலில் அடிபட்டுப் பல மாதங்கள் ஓடாமல் இருந்தது. போன மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை மறுபடி ஓடவிடுகிறார்கள் என்றதும், துணைக்கு வரச்சொல்லி அக்கா போன் எடுத்தார். "வெல்ல வேண்டாம் சுபா. நாலு காலோட திரும்பி வந்தால் போதும். அதைத்தான் பிள்ளையாரிட்டக் கேட்டுக்கொண்டிருக்கிறன்." அத்தானுக்கு நாயென்றால் பெருமை, அக்காவுக்கு அது பிள்ளை. நான் வேலைக்கு லீவு போட்டேன்.

போகும் வழி: என் வீடு இருக்கும் கிங்ஸ்பரியில் இருந்து ஜூபிலி லைன் ரயிலில் கடைசி நிறுத்தமான ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை போய், அங்கே எலிசபெத் லைனுக்கு மாறினால் செவன் கிங்ஸ். வீட்டுக் கதவைப் பூட்டியதில் இருந்து ஒன்றேகால் மணி நேரம். காலை நேரமென்பதால் லைன் முழுக்க நின்றுகொண்டே போனேன். என் முழங்காலைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும். அங்கிருந்து அத்தானின் காரில் இருபது நிமிடம். திடலின் பெயரை எழுத வேண்டாம் என்று அத்தான் கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. லண்டனில் முன்பு இருந்த நாயோட்டத் திடல்களில் அநேகமானவை இடிக்கப்பட்டு வீடுகளாகிவிட்டதால், தேடுகிறவர்களுக்குக் கண்டுபிடிக்க அதிகம் கஷ்டமிருக்காது.

காலையில் நுழைவு இலவசம், கார் நிறுத்தவும் காசில்லை. அது ஏனென்று உள்ளே போனதும் விளங்கியது. ஆட்களே இல்லை. காலை ஓட்டங்கள் திடலுக்கு வருகிறவர்களுக்காக நடப்பவை அல்ல. நாய்களின் மேல் காசு கட்டுவதற்கு ஊரெங்கும் உள்ள பந்தயக் கடைகளின் திரைகளுக்காக நடப்பவை. ஆயிரக்கணக்கானோர் நிற்கக்கூடிய மேடையில் அன்று நாங்கள் மூவரும், தேநீர்க் கோப்பையோடு ஐந்தாறு கிழவர்களும்தான். மணல் பாதையின் மேல் மூடுபனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. ஒலிபெருக்கியில் ஒரு குரல் மட்டும் யாருக்கோ வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. சனமே வராத கோவில் திருவிழாவில் மேளம் மட்டும் அடிப்பதை நினைத்துப் பாருங்கள், அப்படி இருந்தது. எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை.

கறுப்பி வளர்வது பயிற்சியாளரின் பண்ணையில். ஓட்ட நாளில் அவர் தன் வான் வண்டியில் கொண்டுவந்து இறக்குவார். அன்றைக்கு வானின் பின்கதவு திறந்ததும் மற்ற நாய்கள் தாவிக் குதித்தன. கறுப்பி மட்டும் இறங்கவில்லை. நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு, எங்கள் தலைகளுக்கு மேலால் திடலின் மதிலையே பார்த்தபடி நின்றது. குரைக்கவில்லை, உறுமவில்லை. பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே, நீண்ட ஓய்வுக்குப் பிறகு சோம்பல் என்றார். பிறகு அவர் கயிறு எடுக்க முன்பக்கம் போனார்.

அந்த இடைவெளியில்தான் அக்கா செய்தார். கைப்பையைத் திறந்து, கோவிலில் கொடுத்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, மூன்று விரலால் கறுப்பியின் நெற்றியில் பூசிவிட்டார். பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குப் பூசுவதில்லையா, ஒப்பரேஷனுக்குப் போகிறவருக்குப் பூசுவதில்லையா, அதே கைப்பழக்கம். எனக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. அத்தான் கூடப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். பூசியதும் கறுப்பி சாதுவாக இறங்கி, திரும்பிய பயிற்சியாளரோடு நடந்தது. கயிற்றை மாட்டும் அவசரத்தில் அவர் அதன் நெற்றியைக் கவனிக்கவில்லை.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு நாயையும் சோதனை அறைக்குக் கொண்டுபோவார்கள். காதில் குத்தியிருக்கும் பச்சை அடையாளத்தையும் தோலுக்குள் இருக்கும் சிப்பையும் பார்த்து அதே நாய்தானா என்று உறுதி செய்வார்கள். நிறுப்பார்கள், முந்திய ஓட்டத்து நிறையில் இருந்து ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசமென்றால் ஓடவிட மாட்டார்கள். மிருக வைத்தியர் கால்களைத் தடவிப் பார்ப்பார். அதற்குப் பிறகு பூட்டிய கூடுதான். உரிமையாளரானாலும் கிட்டப் போக ஏலாது. யாரும் எதையும் ஊட்டக்கூடாது, பூசக்கூடாது, ஊசி போடக்கூடாது என்பதற்காகவே இத்தனை காவலும்.

கறுத்த நாயின் நெற்றியில் வெள்ளைப் பூச்சு. எந்தக் குருடனுக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி அத்தானின் பெயரை எழுத்தெழுத்தாகக் கடித்துத் துப்பி அழைத்தது.

விசாரணை அறை சின்னது. ஓட்டங்களை நடத்தும் மனேஜர், ஸ்டூவர்ட் என்று சொல்லப்படும் மேற்பார்வை அதிகாரி, பயிற்சியாளர், நாங்கள் மூவர். ஸ்டூவர்ட் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், சாம்பல் கோட்டு, மெதுவான பேச்சு. இது என்ன பொருள் என்று கேட்டார். அத்தான் ஆங்கிலத்தில், பரிசுத்தமான சாம்பல் என்றார். எதை எரித்த சாம்பல் என்று அடுத்த கேள்வி. அத்தான் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில், "மாட்டுச் சாணம்" என்றார். பயிற்சியாளர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. நாய் நக்கியிருக்கலாம், உள்ளே என்ன போயிருக்கிறதென்று தனக்குத் தெரியாது, தெரியாத ஒன்றோடு எந்த நாயையும் ஓடவிட முடியாது என்றார். கறுப்பியிடம் சோதனைக்குச் சிறுநீர் எடுப்பார்கள். மீதித் திருநீற்றை ஒரு பையில் போட்டு முத்திரை வைத்தார்கள். பயிற்சியாளர் மேல் குற்றமில்லை என்று எழுதிக்கொண்டார்கள். நாய்கள் புறப்படும் ஆறு பெட்டிகளில் கறுப்பிக்கு ஒதுக்கிய ஐந்தாம் பெட்டியில், இப்படியான நேரங்களுக்கென்று தயாராக வைத்திருக்கும் ரிசேர்வ் நாய் ஓடும். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. நியாயமாகத்தான் நடத்தினார்கள், அதை மறைக்க மாட்டேன்.

வெளியே வந்ததும் அத்தான் வெடித்தார். "உனக்கு விசரே? இத்தனை மாதம் காத்திருந்தது இதுக்கோ?"

"நீங்களும் பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். முகத்தில் நிம்மதியை மறைக்க முடியவில்லை. "ஓடேல்லத்தானே சுபா. நாலு காலும் பத்திரம்."

மூடுபனி அப்போதும் கலையவில்லை. உழவு இயந்திரம் ஒன்று மணலைக் கீறிக்கொண்டு ஒரு சுற்று வந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் மணலைச் சமப்படுத்துவார்களாம். காய்ந்திருந்தால் தண்ணீரும் விடுவார்களாம். பிறகு ஆறு நாய்களைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நிறச் சட்டை. ஐந்தாம் பெட்டிக்குச் செம்மஞ்சள். கறுப்பி போட வேண்டிய சட்டையில், ரிசேர்வ் என்பதற்கான எழுத்தோடு, புலிவரி போட்ட ஓர் ஆண் நாய் வந்தது. எங்களைக் கடக்கும்போது அது நின்றது. கறுப்பி வானில் நின்றதைப் போலவே, நான்கு காலையும் ஊன்றி, தூரத்து வளைவையே பார்த்தது. கொண்டுபோனவர் கயிற்றை இழுத்தார். அது போனது.

அக்கா என் கையைப் பிடித்தார்.

நாய்கள் துரத்துவதற்கான செயற்கை முயல் தண்டவாளத்தில் உரசிக்கொண்டு வந்தது. அதுவரை கூடுகளில் இருந்து விடாமல் கேட்ட குரைப்பு, முயல் பெட்டிகளைத் தாண்டியதும் நின்றுபோனது. ஏன் நின்றதென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கதவுகள் திறந்தன. ஆறு நாய்கள் சத்தமே இல்லாமல் ஓடின. கைதட்ட, கத்த ஒருவரும் இல்லை. மணலில் கால்கள் படும் ஓசை கூடக் கேட்டது. மூன்றாவது வளைவில், யாரும் இடிக்காமல், யாரும் கிட்டவும் இல்லாமல், செம்மஞ்சள் சட்டை மட்டும் தூக்கி எறியப்பட்டது போல் மேலே போய் விழுந்தது. பனி அதை மூடிக்கொண்டது. ஒலிபெருக்கிக் குரல் வென்ற நாயின் பெயரைச் சொன்னது. முயல் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆட்கள் பச்சைத் திரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மிருக வைத்தியரும் ஓடினார். மனேஜரும் திடலைப் பராமரிப்பவரும் வளைவுக்கு நடந்துபோய், குனிந்து, கையால் மணலைத் துழாவிப் பார்த்தார்கள். அடுத்த ஓட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. திரும்பி வரும்போது மனேஜர் ஸ்டூவர்ட்டிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது: குழி இல்லை, ஈரமில்லை, கல் இல்லை, மணல் மட்டமாக இருக்கிறது. ஆனாலும் இன்னொரு தடவை கீறச் சொன்னார். உழவு இயந்திரம் மறுபடி வந்தது.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் அக்கா. "வானுக்கை நிண்டு அந்தப் பக்கத்தைத்தான் பாத்தவள்."

"விசர்க்கதை கதையாதை" என்றார் அத்தான். ஆனால் குரலில் பலமில்லை.

வைத்தியர் அறைப் பக்கமாக இருந்து ஓர் ஆள் எங்களை நோக்கி வந்தார். உயரமானவர், கழுத்தில் பச்சை குத்தியிருந்தார், கையில் அந்தச் செம்மஞ்சள் சட்டை. ரிசேர்வ் நாயின் பயிற்சியாளர். கறுப்பி ஏன் ஓடவில்லை என்று அவருக்கும் சொல்லியிருப்பார்கள். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் நினைத்தேன். அத்தானும் அப்படித்தான் நினைத்திருப்பார். அக்காவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அந்த மனிதர் அத்தானைத் தாண்டி அக்காவைப் பார்த்து, முதுகெலும்பு போய்விட்டது, எழும்பாது, நோகாமல் போய்விட வைத்தியர் ஊசி போடப் போகிறார் என்றார். பிறகு, "உங்கள் நாய்க்குப் பூசியதை என் நாய்க்கும் பூசுவீர்களா?" என்று கேட்டார்.

அக்கா கைப்பையைத் திறந்தார். பொட்டலம் முத்திரை வைத்த பையில் மனேஜரின் மேசையில் கிடந்தது. பிறகு தன் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பெருவிரலால் வழித்து எடுத்துக்கொண்டு, விரலை மடக்காமல், அவருக்குப் பின்னால் நடந்தார். வாசலில் ஸ்டூவர்ட் நின்றார். அக்கா விரலைக் காட்டினார். அந்த அம்மா கதவைத் திறந்துவிட்டு, "போங்கள். இனி அவன் ஓட்ட நாயல்ல, விதிமுறை கிடையாது" என்றார். நான் வாசலோடு நின்றுவிட்டேன். உள்ளே பார்க்க எனக்குத் தைரியமில்லை.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஓட்டத்துக்குப் போனால் தடித்த ஜாக்கெட் கட்டாயம், மேடையில் காற்று நேரே அடிக்கும். டீயும் பேக்கன் வைத்த பாணும் ஐந்து பவுண், பாண் காய்ந்தது. பஸ்ஸில் போகலாம், கார் வேண்டும் என்றில்லை. நாய்களைத் தொடவேண்டாம், தெரிந்தவரின் நாயானாலும் தொடவேண்டாம். நம்மவர்களுக்கு அன்பென்றால் கை நீண்டுவிடும், அதனால் தனியாகச் சொல்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டால், நான் கூட்டிப் போக மாட்டேன். நானும் இனிப் போக மாட்டேன்.

கறுப்பியின் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. அத்தானுக்கு எச்சரிக்கை மட்டும்தான். கறுப்பி மறுபடி ஓடலாம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா விடவில்லை. "இவள் ஓடாட்டி அந்தப் பெட்டி வெறுமையாக் கிடக்குமெண்டு நினைக்கிறியே? வேற ஒண்டைக் கொண்டந்து விடுவாங்கள்" என்று அத்தான் சொன்னாராம். கறுப்பி இப்போது கடைக்கு மேலே அவர்களின் வீட்டில் இருக்கிறது.

இதை எழுதலாமா என்று கேட்கப் போன வாரம் போயிருந்தேன். கறுப்பி அக்காவின் காலடியில் படுத்திருந்தது. எழுது என்றார். அன்றைக்கு உள்ளே போய் அந்த நாய்க்குப் பூசும்போது பிள்ளையாரிடம் என்ன கேட்டீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்டும் கேக்கேல்ல சுபா" என்றார். "கறுப்பிக்குக் கேட்டன், தந்திட்டார். இனி ஒண்டும் கேக்கப் பயமா இருக்கு."