ஐந்து பி திரும்பிய பக்கம்

முருகேசன் போய்விட்டான் என்ற செய்தி எனக்குக் கடைசியாகத்தான் வந்தது. நம் கல்லூரி டீமின் வாட்ஸப் குழுவில் எல்லோரும் கும்பிடும் கைகளைப் போட்டு முடித்த பிறகே பார்த்தேன். டெங்குவாம். நம் டீம் கிஷோரைக் கூப்பிட்டால், "ஆஸ்பத்திரிலேர்ந்துகூட என்கிட்ட பேசினான்டா" என்று அழுதான். என்னிடம் அவன் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது. துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பொறாமை. அவன் விஷயத்தில் எனக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும்.

உங்களுக்கு நினைவிருக்கும், கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ஆரம்பித்தபோது முதலில் பெயர் கொடுத்தவன் நான். அந்த முட்டை வடிவப் பந்தை எறிந்து பழகுகிறேன் என்று எங்கள் அபிராமபுரம் ஃபிளாட்டின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பாடாய்ப் படுத்தினேன். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் இடம் எனக்குத்தான் என்று வீட்டிலும் சொல்லி வைத்திருந்தேன். தி.நகர் ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளை முருகேசன் சாவகாசமாகப் பின்னால் வந்து சேர்ந்தான். கடைப் பரணிலிருந்து துணிக்கட்டு எறிந்து வளர்ந்த கை. முதல் நாளே பந்து அவன் பேச்சைக் கேட்டது. பி.டி. மாஸ்டர் என்னை ஓடிப் பிடிக்கிற வேலைக்கு அனுப்பிவிட்டார்.

யார் எந்தப் பக்கம் ஓடுவது என்பதற்குப் பஸ் நம்பர்களைச் சங்கேதமாக வைத்தது அவன் யோசனை. 'ஐந்து பி' என்றால், தி.நகரிலிருந்து மயிலாப்பூர் போகிற பஸ் மாதிரி, நான் 'லஸ்' ஸ்டாப் வரை, அதாவது எதிரணியின் கடைசிக் கோடு வரை, நேராக ஓட வேண்டும். எதிரணிப் பையன்களும் இதே ஊரில் பஸ் ஏறுகிறவர்கள் என்பது நம் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவன் நம்பரைச் சொன்னதுமே, "அஞ்சு பி வருதுடா, லஸ்ல போய் நில்லு" என்று அவர்கள் கத்துவார்கள். சங்கேதத்தை மாற்றலாம் என்றேன். பழகியதை விட முடியாது என்று நீங்கள் எல்லோரும் அவன் பக்கம் நின்றீர்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றோம். யோசனை என்னுடையதாக இருந்திருந்தால் என் தோலை உரித்திருப்பீர்கள். அவனோ, "உடு மச்சி, அடுத்த ஸ்டாப்புல ஏறிக்கலாம்" என்பான். உடனே எல்லோரும் சிரிப்பீர்கள். எனக்கு வயிறு எரியும்.

கடைசி ஆட்டமும் போனால் டீமையே கலைத்துவிடுவதாகக் கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அன்று பார்த்து நான் தாமதம். மெட்ரோ வேலைக்காகப் பஸ்ஸை லஸ்ஸுக்கு முன்பே வலது பக்கம் திருப்பிவிட்டதில், ஒருநாளும் வராத ஐந்து பி எங்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அதைத்தான் காரணமாகச் சொன்னேன். மாஸ்டர் நம்பவில்லை. முருகேசன் ஷூவுக்கு முடிச்சுப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆட்டம் முடியப் போகிறது, நாம் பின்தங்கியிருக்கிறோம், ஒரே ஒரு வாய்ப்பு பாக்கி. தலைசேர்த்து வட்டமாக நின்றபோது அவன் "ஐந்து பி" என்றான். நீங்கள் எல்லோரும் திட்டினீர்கள். அவன் என் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்தான்.

"மச்சி, காலைல அது எந்தப் பக்கம் திரும்பிச்சு?"

"ரைட்ல."

"நீயும் அப்டியே திரும்பு."

எதிரணி மொத்தமும் லஸ்ஸில் காத்துக்கொண்டிருந்தது. நான் பாதியில் வலது பக்கம் திரும்பினேன். நிமிர்ந்து பார்ப்பதற்குள் பந்து கைக்கு வந்துவிட்டது. கோட்டைத் தாண்டும் வரை என்னை ஒருவரும் தொடவில்லை. அந்த வருடத்தில் நாம் ஜெயித்த ஒரே ஆட்டம். நான் பந்தோடு திரும்பி வந்தபோது நீங்கள் அவனைத் தோளில் தூக்கியிருந்தீர்கள். அந்தப் புகைப்படத்தில் என் முழங்கை மட்டும் இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவன் வீட்டில் கூடியபோதும் அவன் எறிந்ததைப் பற்றியே பேசினீர்கள். பிடித்தவன் அதே பந்தியில் வடை தின்றுகொண்டிருந்தான். பிறகு ஒவ்வொருவராக, தான்தான் அவனுக்கு மிக நெருக்கம் என்று ஆரம்பித்தீர்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை காலம் அவன்மேல் பொறாமைப்பட்டவன், அன்று அவனுக்காக உங்கள்மேல் பொறாமைப்பட்டேன்.

அவன் சிரிப்பையும் பேச்சையும் நீங்களே பங்கு போட்டுக்கொள்ளுங்கள். மாஸ்டர் நம்பாத என் பேச்சை அவன் நம்பினான். நான் திரும்புவதற்கு முன்பே, ஆளில்லாத அந்த வலது பக்கத்துக்கு, நான் வந்துவிடுவேன் என்று பந்தை விட்டான். அது எனக்கு வந்தது. அதில் உங்கள் யாருக்கும் பங்கு தரமாட்டேன்.