இடது உள்ளங்கையில் சீனி

கொழும்பிலிருந்து வந்த அதிகாரியின் கருவி நான்கு பெண்களின் இடது உள்ளங்கையிலும் சத்தம் போட்டது. வலது கைகளில் ஒன்றுமில்லை. திரும்பவும் வரிசையில் நிற்கவைத்துப் பார்த்தார். மறுபடியும் இடது கை மட்டும்தான். பிறகு என்னைக் கூப்பிட்டார். என் இரண்டு கைகளிலும் கருவி பேசாமல் இருந்தது.

பல்லேபொல பக்கம் இருந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தில் நான் ஆய்வுகூட உதவியாளர். வீட்டில் எட்டு மாதப் பெண்குழந்தை. மிளகுக்கொடியின் வேர் எந்த ஆழத்தில் உரத்தை எடுக்கிறது என்று அறிய, கதிரியக்கம் உள்ள பொஸ்பரஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடியைச் சுற்றிக் குழிகளில் ஊற்றுவோம். பிறகு இலையைப் பறித்து அளப்போம். ஊற்றுகிற வேலை தோட்டத்துப் பெண்கள் நால்வருக்கு. அவர்கள் கையுறையைக் கழற்றிக் கை கழுவியதும், கதிரியக்கத்தைக் காட்டும் சிறிய கருவியை அந்தக் கைகளின் மேல் பிடித்துப் பார்த்துப் புத்தகத்தில் அடையாளமிடுவது என் பொறுப்பு. அதன் பிறகுதான் தேநீர்.

அதிகாரி கையுறைகளைச் சோதித்தார். கிழிசல் இல்லை. மண்வெட்டிப் பிடிகளைச் சோதித்தார். "இடது கையால் மட்டும் என்ன செய்கிறீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அதற்குள் புரிந்துவிட்டிருந்தது.

நான்கு நாள் முன்பு, கரைசலை ஊற்றி முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. கருவி நனையக்கூடாது. நால்வருக்கும் வயதில் மூத்தவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கொட்டகைக்குள் ஓடி வெறுந்தேத்தண்ணியை ஊற்றத் தொடங்கிவிட்டார்.

"மிஸ், கழுவி, மிசினு வச்சு, எழுதி முடிக்கறதுக்குள்ள தேத்தண்ணி பச்சத்தண்ணியாயிரும். வாங்க."

தேநீரில் சீனி போடமாட்டார்கள். இடது உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கிக்கொண்டே வலது கையால் குடிப்பார்கள். அக்கா கையுறையோடு சீனி டின்னுக்குள் கைவிட்டு ஒவ்வொருவருக்கும் சீனி அள்ளி வைத்தார். நான் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என்னிடம் வந்துவிட்டார்.

"பால் குடுக்குற ஒடம்பு. நீங்க ரெண்டு விரல் கூடவே வச்சுக்கங்க."

டவுனில் சில வீடுகளில் தோட்டத்துப் பெண்கள் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டார்கள். நான் கையை மடக்கியிருந்தால் அக்கா என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். வாங்கினேன். நக்கினேன். மழை விட்டபின் புத்தகத்தில் நான்கு அடையாளமும் இட்டேன், ஒரு கையையும் சோதிக்காமல்.

மற்ற நாட்களில் நான் அலுவலகத்தில்தான் தேநீர் குடிப்பேன். அவர்களோ அதே டின்னிலிருந்து தினமும். என் கை அமைதியாக இருந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். பேசாமல் இருந்தால் என்னை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் டின் அலுமாரியிலேயே இருக்கும். நான்கு நாளாகக் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டேன். அன்று இரவும் கொடுப்பேன்.

"சேர், சீனி டின்னைப் பாருங்கள்," என்றேன். கருவி டின்னின் மேல் நிற்காமல் பொரிந்தது. புத்தகத்தைப் பற்றியும் சொன்னேன்.

அதிகாரி வெளியே போனதும் அக்கா கிட்டே வந்தார். "ஆசையா குடுத்தேன். காட்டிக் குடுத்துட்டீங்களே மிஸ். நீங்களுந்தானே நக்குனீங்க?"

"அதையும் சொல்லிட்டேன்க்கா."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "அப்ப புள்ளைக்குப் பாலு?"

முடிவு வரும்வரை கொடுக்கக்கூடாது என்று அதிகாரி சொல்லியிருந்தார். எங்கள் ஐந்து பேரின் சிறுநீரும் கொழும்பில் அளக்கப்பட வேண்டும். மறுநாள் காலை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தோடு குழந்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் பெய்ததைப் பிடித்து ஆறாவது போத்தலில் ஊற்றி, பெயரில்லாமல் எண் மட்டும் எழுதி, பெட்டியில் மற்றவற்றோடு வைத்தேன். அதிகாரியிடம் கேட்டிருந்தால் தேவையில்லை என்று சொல்லியிருப்பாரோ என்னவோ. கேட்கவில்லை.

"ரோட்டுத் தடுப்புல ஆமிக்காரன் ஒரு போத்தலத் தொறந்து மோந்து பாத்தான் மிஸ்," என்றார் பெட்டியைக் கொண்டுபோன டிரைவர். "அப்புறம் வேற எதையும் தொறக்கல."

மூன்று நாளில் பதில் வரும் என்றார்கள். அதற்குள் ஊரடங்கு போட்டுவிட்டார்கள், தொலைபேசியும் செத்துவிட்டது. பதினொரு நாள். மார்பு கட்டி வலித்தது. பிழிந்து வாய்க்காலில் ஊற்றினேன். அது கீழ்வீட்டுக் கீரைப்பாத்திக்குப் போகிறது என்று ஞாபகம் வந்தது. அதன்பின் வேலியோரம் குழி தோண்டி ஊற்றினேன். அங்கே கோழி கிளறியது. குழந்தை போத்தல்பாலைத் துப்பிவிட்டு என் சட்டையை இழுத்தாள்.

"ஒரு வாய் சீனிக்கா புள்ளையப் பட்டினி போடுற?" என்றார் மாமியார். "அவங்க தப்பாச் சொல்லியிருந்தா?"

அவர் சொன்னதும் சரியாக இருக்கலாம் என்று ஒவ்வொரு முறை அவள் அழுதபோதும் தோன்றியது. கொடுக்கவில்லை.

தொலைபேசி உயிர் பெற்ற அன்று என்னை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். மறுமுனையில் அதே அதிகாரி. நான்கு பெண்களின் உடம்பிலும் இருக்கிறது, ஆபத்தான அளவு இல்லை, குறைந்துகொண்டு வரும் என்றார். என்னுடையதிலும் மிகச் சிறிதளவு, இன்னும் இரண்டு வாரம் பால் வேண்டாம். பிறகு, "ஐந்து பேர், ஆறு போத்தல்," என்றார்.



"ஆறாவதில் ஒன்றும் இல்லை, மிஸ்."

"ஒன்றும் இல்லையா, சேர்? இல்லை, உங்கள் கருவிக்குத் தெரியாத அளவா?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"கருவிக்குத் தெரியாத அளவு," என்றார்.

வீட்டில் கணவர் வாசலிலேயே நின்றார். மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்லையாம்," என்றேன்.