பாண்டுரங்கன் வீட்டுப் பின்சுவர்

பாண்டுரங்கனுக்கு வாய் இருக்கிறதா என்று சந்தேகப்பட்டவர்கள் எங்கள் தெருவில் பலர். கல்யாணமாகி ஒரு வாரம் கழித்துத்தான் தன்னிடம் முதல் வார்த்தை பேசினான், அதுவும் "உப்பு கம்மி" என்று, என அவன் பெண்சாதி அம்முலு இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துக்கொண்டிருந்தாள் என்று சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவன் ஐம்பது வயது தாண்டி ஒருநாள் வாயைத் திறந்தான். அவன் வீட்டுச் சுவர் போய்விட்டது.

என்னோடு ஐந்தாவது வரை படித்தவன் அவன். பிறகு சித்தாளாகி, உத்திரமேரூரிலும் காஞ்சிபுரத்திலும் கல் சுமந்து, கொத்தனார் ஆனான். அவன் அப்பா முனியன், எங்கள் ஊர்ப் பண்ணைக்காரரான வேதாசலத்தின் குடும்பத்து நிலத்தில் ஆயுசு முழுக்க உழைத்தவர். காஞ்சிபுரத்துக்கு நடந்து போகிறவர்களுக்காக அந்தக் குடும்பத்தின் பாட்டனார் ஊர் ஓரத்தில் ஒரு செங்கல் சத்திரம் கட்டியிருந்தார். நாங்கள் பையன்களாக இருந்தபோது ஒரு மழையில் அதன் சமையல்கட்டுப் பக்கம் இடிந்து விழுந்தது. வேதாசலத்தின் அப்பா முனியனைக் கூப்பிட்டு, "இடிசலை வாரிப் போடு, கல்லை நீ எடுத்துக்கோ, அதான் கூலி" என்றார். முனியனும் அவர் பெண்சாதியும் அந்தப் பட்டையான சின்னக் கற்களைத் தலையில் சுமந்து வந்தார்கள். மண் குழைத்து அடுக்கிப் பின்சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவரோரம்தான் பிற்பாடு அம்முலு அடுப்பு போட்டாள். விறகுப் புகை ஏறி ஏறிச் சுவர் பாதி கறுத்துப் போனது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மெட்ராஸில் இருக்கும் வேதாசலத்துக்குத் திடீரென்று பாட்டனார் நினைவு வந்தது. சத்திரத்தைப் பழையபடி எடுத்துக்கட்டி, வெளியூர்க்காரர்கள் தங்கவும் கல்யாண ஜோடிகள் படம் பிடித்துக்கொள்ளவும் விடப்போவதாகச் சொன்னார். வேலையைப் பார்க்க சசிரேகா என்ற இன்ஜினியர் பெண் வந்தாள். கொத்தனார் பாண்டுரங்கன்.

அந்த வேலை அவனுக்குப் பிடித்துப்போனது என்னவோ உண்மை. சுண்ணாம்பை ஊறப்போட்டு, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்து, காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். எல்லாம் ஒழுங்காகப் போய், இடிந்த சமையல்கட்டை எடுத்துக் கட்டும்போது சிக்கல் வந்தது. சூளையில் சொல்லிச் செய்த புதுக்கல் தடிமனாக இருந்தது. பழைய வரிசையோடு சேரவில்லை. சசிரேகா இரண்டு தடவை பிரித்துக் கட்டச் சொல்லிவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பார்க்கப் பாவமாக இருந்ததாம்.

"இதே கல்லு எங்க வூட்டு பின்சுவத்துல கீது மேடம்" என்றான் பாண்டுரங்கன்.

கேட்டு வாங்கினார்களா? இல்லை. பெருமை. தன் வீட்டிலும் ஒரு பழைய பொருள் இருக்கிறது என்ற பெருமை.

அவள் மறுநாளே வந்தாள். "பாண்டு அண்ணா, என்ன அழகா இருக்கு!" என்று சுவரைத் தடவித் தடவிப் படம் எடுத்தாள். "கரி புடிச்சி கீது மேடம், இத்தப் போயி" என்று அம்முலு வெட்கப்பட்டுக்கொண்டே டீ கொடுத்தாள். அந்தப் படங்கள் வேதாசலத்துக்குப் போயின. ஞாயிற்றுக்கிழமை கார் எங்கள் தெருவுக்குள் வந்தது. அதற்கு முன் அவர் எங்கள் தெருவுக்குள் வந்ததே இல்லை.

"பாண்டு, நான் போலீசுக்கெல்லாம் போற ஆள் இல்ல. ஆனா சத்திரத்துக் கல் சத்திரத்துக்கு வரணும் இல்லையா?"

"உங்க அப்பாருதாங்க எங்க நைனாவுக்குக் குடுத்தாரு. இடிசல் வாரனதுக்குக் கூலி."

"ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்துட்டாங்க. யாரைக் கேக்கிறது? திருட்டுன்னு நான் சொல்லலையே. ஒரு கல்லுக்கு ஒரு புதுக்கல் இறக்கிடறேன். உனக்கு நஷ்டமில்ல."

திருட்டு என்ற வார்த்தையை அங்கே அவரைத் தவிர யாரும் சொல்லவில்லை. "வேற எங்கேயாவது தேடலாம் சார்" என்று சசிரேகா ஒருமுறை சொன்னாள். இரண்டாம் முறை சொல்லவில்லை. முனியன் கல் சுமந்ததைக் கண்ணால் பார்த்த கிழங்கள் தெருவில் நாலு பேர் இருந்தார்கள். ஒருத்தரும் வெளியே வரவில்லை. அவர்கள் வீடுகளிலும் அந்தக் கல் கொஞ்சம் இருந்தது. அந்த வாரமே அங்கெல்லாம் சிமெண்ட் பூச்சு ஏறிவிட்டது.

சுவரைப் பிரித்தவனும் பாண்டுரங்கன்தான். மண் சாந்து என்பதால் கற்கள் உடையாமல் வந்தன. அம்முலு அடுப்பை முருங்கை மரத்தடிக்கு மாற்றினாள். சுவர் இருந்த இடத்தில் தார்ப்பாய் தொங்கியது. சொன்னபடி புதுக்கல் வந்தது; தெருமுனையில் கொட்டிவிட்டுப் போனார்கள். கல்லை மட்டும் வைத்துக்கொண்டு சுவர் எழும்பிவிடுமா? மணலுக்கும் சிமெண்டுக்கும் வழியில்லை. தை மாதம் திறப்புவிழா என்று சொல்லி அவனை வீட்டில் உட்காரவே விடவில்லை. ஐப்பசி மழை முழுக்க அவர்கள் நனைந்தார்கள்.

கரி பிடித்த கற்களை அவன் சத்திரத்துச் சமையல்கட்டில் கரிப்பக்கம் வெளியே தெரியும்படி வைத்துக் கட்டியிருந்தான். ஏன்டா என்று கேட்டேன். "கரி மேல கலவ புடிக்காது" என்றான். அவ்வளவுதானா என்று நான் கேட்கவில்லை.

திறப்புவிழா அன்று பெருக்கித் தண்ணீர் தெளிக்க அம்முலுவைக் கூப்பிட்டிருந்தார்கள். பாண்டுரங்கன் புது வேட்டியில் நின்றிருந்தான். அடுத்து நெல் களஞ்சியத்தையும் அவனையே வைத்துச் சீர் செய்வதாக வேதாசலம் வாக்குக் கொடுத்திருந்தார். வந்தவர்களைச் சமையல்கட்டுக்கு அழைத்துவந்து, அவர் சுவரைக் காட்டினார்.

"இந்தக் கரியைப் பாருங்க. எங்க பாட்டனார் வழிப்போக்கருக்கெல்லாம் சோறு போட்ட அடுப்புப் புகை. துடைக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லிட்டேன்."

வந்தவர்கள் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அது என் அடுப்புக் கரிங்க" என்றாள் அம்முலு. கையில் துடைப்பம்.

வேதாசலம் சிரித்தார். "நம்ம கொத்தனார் சம்சாரம். பாண்டு, நீயே சொல்லுய்யா. இது யார் வீட்டுக் கல்?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அம்முலுவும் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். படம் எடுக்கிற பையன், "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழுறீங்க" என்றான். அவள் தள்ளி நின்றாள்.

சாயங்காலம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அம்முலு அவன் முன்னால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு நின்றாள்.

"அன்னிக்கு யாரும் கேக்காமயே பொளந்தியே அந்த வாயி, இன்னிக்கு எல்லாரும் கேக்கறாங்களே, இன்னாயா ஆச்சு? அதையும் சுண்ணாம்பு வெச்சிப் பூசிக்கினியா?"