கைக்குப் பெரிய பிடி

ராயப்பன்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் கொடி வெட்டிவிடும் கவாத்து வேலை பார்த்த ஆரோக்கியசெல்வத்துக்கு ஒரே மகள் கிளாரா. தாய் இல்லாத பிள்ளை. உத்தமபாளையத்தில் கல்லூரிக்குப் போனபோது என்.சி.சி.யில் நன்றாகச் சுட்டாள். அதைப் பார்த்து 2001-இல் தேனியில் ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மூடிக்கிடந்த பஞ்சுக் கிடங்கு ஒன்றில் அந்தக் கழகம் நடந்தது.

அங்கே இருந்தது ஒரே ஒரு ஏர் பிஸ்டல். எல்லோரும் அதைத்தான் மாற்றி மாற்றிச் சுட்டார்கள். அதன் மரப்பிடி பெரிய கைகளுக்காகச் செதுக்கப்பட்டது. கிளாராவின் கை சிறியது; வளையல் கடையில் பள்ளிப்பிள்ளைகளுக்கான அளவுதான் அவளுக்குச் சேரும். பிடிக்குள் கையை நுழைத்தால் உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவில் இடைவெளி விழும். விசைக்கு விரல்நுனி மட்டுமே எட்டும். குண்டுகள் இடப்பக்கமாகவே ஒதுங்கின.

"கையில வலு இல்லம்மா. நல்லா இறுக்கிப் பிடி" என்றார் பயிற்சியாளர் பாண்டியராஜன். அவருக்கும் அதற்கு மேல் தெரியவில்லை.

அவள் அதை வீட்டில் சொன்னாள். மறுநாள் ஆரோக்கியசெல்வம் இரண்டு செங்கற்களைத் துணியில் சுற்றிவைத்தார். வேலை முடிந்து வந்ததும் வாசலில் மகளோடு நின்று, ஆளுக்கு ஒன்றைக் கையை நீட்டிப் பிடித்துக்கொள்வார்கள்.

"இன்னுங் கொஞ்சம், தாயி. இறக்கிராத."

"ஒங்க கைதாம்ப்பா நடுங்குது."

அவர் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்புக்காகவே, மணிக்கட்டில் குத்திய வலியை அவள் சொல்லாமல் இருந்தாள். வலி இருந்தால்தான் கை வலுவாகும் என்றும் நம்பினாள்.

2004-இல் மாநிலப் போட்டிக்குச் சென்னை போனாள். அங்கே ஞானசெல்வி என்ற மூத்த வீராங்கனை, பக்கத்துத் தடத்தில் இவள் சுடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தாள்.

"கையக் காட்டும்மா."

மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனிவரை தன் விரல்களால் அளந்து பார்த்தாள்.

"இது உன் பிடியே இல்ல. உனக்குச் சின்ன அளவு வேணும். இத்தன நாளா இதையா இறுக்கிப் பிடிச்சே?"

தன்னிடம் கூடுதலாக இருந்த சிறிய பிடியைக் கொடுத்தாள். கிளாரா பிஸ்டலின் பழைய பிடியைக் கழற்றிவிட்டு அதை மாட்டி, கையை நுழைத்தாள். மரம் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. விரலின் சதைப்பகுதி விசையில் நேராக அமர்ந்தது. இறுக்க வேண்டிய தேவையே இல்லை. ஐந்து குண்டுகளும் கருவட்டத்தின் நடுவில் ஒரே ஓட்டையாக விழுந்தன. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தச் சுகம் இரண்டு மாதந்தான் நீடித்தது. கட்டைவிரலடியில் முன்பே கண்டிருந்த வீக்கம் வற்றவேயில்லை. ஒரு நாள் பிஸ்டல் கையிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது. மதுரையில் மருத்துவர் பார்த்தார். வருடக்கணக்கில் பாரத்தை இறுக்கிப் பிடித்ததில் தசைநாண் கெட்டுவிட்டது என்றார். அறுவைச் சிகிச்சை செய்தார்கள். சோற்றைப் பிசையலாம், பேனா பிடிக்கலாம். நீட்டிய கையில் எடை தாங்காது.

திரும்பும் பேருந்து ஆண்டிபட்டியைத் தாண்டியது.

"நாந்தான் தாயி ஒங் கையக் கெடுத்தேன்" என்றார் ஆரோக்கியசெல்வம்.

"நீங்க என்னப்பா செய்வீக. வலிக்குதுன்னு நான் சொல்லவே இல்லையே."

"சொல்லலேன்னா என்ன. கவாத்துக் கத்திரி கைக்குச் சேரலேன்னா நான் வேற கத்திரி கேப்பேன். ஒனக்கு அதக் கேக்கணும்னு எனக்குத் தோணலையே."

அவள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதன்பின் அவர் கழகத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கிளாரா சின்னமனூரில் ஒரு பள்ளிக்கு விளையாட்டு ஆசிரியையாகப் போனாள். அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் கையைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போயின. அதையும் அவர் தன் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டார். சிரிப்பு அவரிடம் குறைந்துபோனது.

நுரையீரல் கெட்டு அவர் படுக்கையில் விழுந்த பிறகு, அவள் பள்ளியிலிருந்து வந்ததும் கையை நீட்டச் சொல்வார். எழுந்து உட்கார முடியாமல், படுத்தபடியே அவள் மணிக்கட்டில் தைலம் தேய்ப்பார். அதனால் வலி குறைந்ததில்லை. அவள் கையை இழுத்துக்கொண்டதும் இல்லை. 2009-இல் தவக்காலம் தொடங்கிய வாரத்தில் அவர் இறந்தார்.