மாட்டுக் கொட்டகையில் நாலு விஸ்கி

சென்ற செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை நான் போடி மலைக்குப் போனது மேகத்தைப் பார்க்க அல்ல, மானத்தைக் காப்பாற்ற. மதுரையில் நாங்கள் ஐந்து பேர் ஒரு விஸ்கி ருசிக் குழு வைத்திருக்கிறோம். மாதம் ஒருவர் நான்கு சின்னக் குப்பிகளில் பெயர் ஒட்டாமல் ஊற்றித் தருவார். மற்றவர்கள் முகர்ந்து, ருசித்து, நூற்றுக்கு மார்க் போட வேண்டும். எல்லோருக்கும் சேர்த்துக் குறிப்பு எழுதுவது நான். போன மாதம் 'பதினெட்டு வருடப் பீப்பாயின் கம்பீரம்' என்று உருகி எழுதினேன். அது தெருமுக்குக் கடை ரம் என்று பிறகு சொன்னார்கள். இந்த முறையும் சறுக்கினால் எழுதும் பொறுப்பைப் பிடுங்கிவிடுவதாக முடிவு.

இந்த மாதம் வந்தவை பிளெண்டட் விஸ்கிகள். அதாவது வருடக்கணக்கில் பீப்பாய்களில் கிடந்த பல சரக்குகளைக் கலந்தவை. ஆல்கஹால் ஐம்பத்தெட்டு சதவீதம். வழக்கமாகக் குடிப்பதைவிட நன்றாகவே காரம். மதுரைப் புகையில் மூக்கு அடைத்துவிட்டது என்று ஏற்கெனவே சாக்குச் சொல்லியிருந்ததால், சுத்தமான காற்றைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. நண்பன் ராஜாவின் ஏலக்காய்த் தோட்டம் போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அவன் ஊரில் இல்லை. 'சாவி பேச்சியம்மாக்காகிட்ட இருக்கும்' என்றான்.

மதுரையில் காலை 8.20க்கு ரயில். பத்தரைக்கு போடி. டிக்கெட் 45 ரூபாய். அங்கிருந்து மேலே 26 கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அரிசி மூட்டைகளோடு கிளம்பிய ஜீப்பில் தலைக்கு நூறு ரூபாய். டிரைவர் பாண்டி என் மடியைப் பார்த்தார்.

"பையில என்னண்ணே, கைப்புள்ளையாட்டம் பிடிச்சிருக்கீங்க?"

"மருந்து."

"எதுக்கு?"

"மூக்குக்கு."

ஒன்பதாவது வளைவில் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டினார். "மோந்துக்கிட்டே வாங்கண்ணே, பெரட்டாது." வேறு வாசனை ஏறினால் மூக்கு கெட்டுவிடும் என்று மறுத்தேன். பதினோராவது வளைவில் ஜீப் எனக்காகவே நின்றது.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே கால். பேச்சியம்மாள் சாவியைக் கொடுத்தார். ஐம்பது வயதிருக்கும். ஏலக்காயைத் தரம் பிரிக்கும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. சாப்பிட்டு ஓய்வெடுத்து, இரண்டு மணிக்கு வராந்தாவில் நான்கு கிளாஸ்களை வரிசையாக வைத்தேன். முதல் கிளாஸில் மூக்கை விட்டேன். ஏலக்காய். இரண்டாவது, ஏலக்காய். மூன்றாவது, நான்காவது, அதுவே. வீட்டுக்குப் பின்னால்தான் ஸ்டோர் என்று அவர்கள் சொல்லும் கட்டடம். பறித்த காயைச் சூட்டில் உலர்த்துமிடம். அன்று முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது. சுத்தமான காற்றென்று நான் தேடி வந்த இடம் பாயசச் சட்டிக்குள் இருந்தது.

கிளாஸ்களைத் தட்டில் ஏந்திக்கொண்டு அரை கிலோமீட்டர் மேலே ஏறினேன். அங்கும் அதே வாசனை. கடைசியில் ஏலக்காயை வெல்லும் வாசனை உள்ள ஒரே இடத்தைக் கண்டுபிடித்தேன்: மாட்டுக் கொட்டகை. ஒரு மூலையில் குந்தி உட்கார்ந்து வேலையை முடித்தேன். முதல் விஸ்கிக்கு 91, 'அரச குடும்பத்துச் சாயல்.' மூன்றாவதற்கு 68, 'பண்பில்லாத அவசரம்.'

மூன்றரைக்குப் பால் கறக்க வந்த பேச்சியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சார், மாட்டுக்கு ஏதும் ஊத்திட்டீகளா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தொழில் விஷயமாகத்தான் எடுத்துக்கொண்டார். "குடிக்க மாட்டேன். மோந்து பாக்கட்டா?" என்று முதல் கிளாஸை எடுத்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பினார்.

"கண்ணுல தண்ணி வருது. இந்த எரிச்சல்ல என்னத்த மோந்தீக? கொஞ்சம் தண்ணிய விடுங்க."

காரமான விஸ்கிக்கு ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டால் வாசனை திறக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் விடுவது கத்துக்குட்டிகள் வேலை என்று குழுவில் நானே பிரசங்கம் செய்திருக்கிறேன். பார்க்க மாடு மட்டும்தானே இருக்கிறது என்று நான்கிலும் விட்டேன். அவர் வாயை லேசாகத் திறந்து ஒவ்வொன்றாக முகர்ந்தார். மறுபடி ஒன்றையும் மூன்றையும் மட்டும்.

"ஒண்ணும் மூணும் ஒரே சரக்கு சார். ஒரே மூட்டையில ரெண்டு தடவ அள்ளுன மாதிரி."

"அக்கா, உங்களுக்கு ஏலக்காய் வாசனை இடைஞ்சலா இல்லையா?"

"தெனம் அதுலயே கெடக்கேன். ஏலக்கா எனக்குத் தெரியாது. மத்ததுதான் தெரியும்."

நானும் முகர்ந்தேன். உலர்ந்த திராட்சை, பழைய மரம், கொஞ்சம் புகை. இரண்டிலும் அப்படியே. 91க்கும் 68க்கும் இடையில் இருந்தது என் கற்பனை மட்டும். இரண்டுக்கும் 82 என்று திருத்தி, 'ஒன்றும் மூன்றும் ஒன்றே' என்று சேர்த்து, சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து அனுப்பினேன். என் மார்க்குக்காகத்தான் காத்திருந்தார்களாம். ஐந்து நிமிடத்தில் பதில்: வேண்டுமென்றே வைத்த பொறி அது, கண்டுபிடித்தது நான் ஒருவன்தான். 'என்னா மூக்குய்யா!' என்று பாராட்டு குவிந்தது. 'நன்றி, நன்றி' என்று அனுப்பிவிட்டுக் கீழே வந்தேன்.

பேச்சியம்மாள் பால் செம்போடு எதிரே வந்தார். "என்ன சொன்னாக?"

"நீங்க சொன்னதுதான் சரியாம்."

"நாஞ்சொன்னேன்னு சொன்னீகளா?"

கோபமாகக் கேட்கவில்லை. அதனால் இன்னும் கூசியது. மறுபடி மேடேறி எல்லாவற்றையும் எழுதினேன், மாட்டுக் கொட்டகை உட்பட. குழுவில் ஒருவர் கேட்டார்: 'இனிமேல் குப்பிகளை நேராக அவருக்கே அனுப்பலாமா?' இறங்கி வந்து சொன்னபோதுதான் பேச்சியம்மாள் முதன்முறையாகச் சிரித்தார்.

"வீட்டுக்கு அனுப்பீராதீக சார். நான் மோந்து பாக்குறதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு மார்க்குப் போட்டுருவாரு."

போக நினைப்பவர்களுக்கு: ஸ்வெட்டர் அவசியம். குடித்துவிட்டு அந்தச் சாலையில் வண்டி ஓட்டாதீர்கள். எல்லை தாண்டுவதானால் பாட்டில் விதிகளை முதலிலேயே விசாரியுங்கள். ரயில் நேரத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். டிரைவர் எலுமிச்சம்பழம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது உங்களுக்குச் சரியான பதிலைச் சொன்னால், அவர் பெயரையும் சேர்த்தே அனுப்பிவிடுங்கள். எனக்கு அதற்கு இருபது நிமிடம் ஆனது. அது ரொம்பவே அதிகம்.