சனாவின் தங்கை

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போகும் சாலையோரத்து அந்த அரசு மேல்நிலைப் பள்ளிக்கு இரண்டு விஷயங்களில் பெயர்: ஓட்டம், ஓவியம். மாவட்டத்தில் எந்தப் போட்டி நடந்தாலும் இந்தப் பள்ளிப் பிள்ளைகள் கோப்பையோடுதான் பஸ் ஏறுவார்கள். தலைமையாசிரியர் அறையில் இடம் போதாமல் வேதியியல் ஆய்வகத்து அலமாரியிலும் கோப்பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

ஓட்டத்தில் பெயர் வாங்கிக் கொடுத்தவர் பி.டி. டீச்சர் வீரலட்சுமி. கல்லல் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரிக் காலத்தில் அவரும் ஓடியவர்தான். காலையில் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டே, பின்னால் ஓடுவது யார் என்று காலடிச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார்.

அப்படி அவர் காதில் அழுத்தமாகப் பதிந்துபோனது சனாவின் காலடி. கோ-கோவில் யார் கைக்கும் சிக்காத பெண் என்பதால்தான் அவளை நானூறு மீட்டருக்கு மாற்றினார். இடது காலை ஊன்றும்போது லேசாகத் தரையில் தேய்ப்பாள். செம்மண்ணில் ‘சரக்’ என்று கேட்கும். எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. போகாமலே அவள் மாநிலப் போட்டி வரைக்கும் தேர்வானாள்.

போட்டிக்குப் போகவில்லை. ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் அவளை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அங்கிருந்து அவள் திரும்பி வரவில்லை. மலேசியாவில் வேலை பார்த்த அவளுடைய அத்தா சாதிக் அலி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

பயிற்சி மறுபடி தொடங்கிய முதல் நாள், வீரலட்சுமி குனிந்து தடை ஓட்டக் கட்டைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஓவிய வகுப்பறையை ஒட்டிய வளைவிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சரக். திரும்பிப் பார்த்தார். மற்றப் பிள்ளைகள் எதிர்ப்பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். வளைவில் யாரும் இல்லை. மறுநாளும் கேட்டது. வீட்டுக்காரரிடம்கூட அவர் இதைச் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போவார் என்று தெரியும்.

அடுத்த ஜூனில் சனாவின் தங்கை பெனாசிர் அதே பள்ளியில் சேர்ந்தாள். முகத்தில் அக்காவின் சாயல் அதிகம் இல்லை. ஓய்வு நேரமெல்லாம் ஓவிய ஆசிரியர் அழகுராஜாவின் வகுப்பறையில்தான் இருப்பாள். ஒருநாள் மணி அடித்த பிறகு, தாமதமாகி விட்டதென்று மைதானத்தின் குறுக்கே ஓடினாள். அதே காலடி. வீரலட்சுமி பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு நின்றார்.

ஓட வருகிறாயா என்று கேட்டார். தனக்கு வரைவதுதான் பிடிக்கும் என்றாள் பெனாசிர். வீரலட்சுமி விடவில்லை. வீட்டுக்கே போய் அவளுடைய அம்மா அமீனாவிடம் கேட்டார். அமீனா யோசிக்கக்கூட இல்லை, உடனே சம்மதித்தாள். மறுநாள் காலை பெனாசிர் மைதானத்தில் வந்து நின்றாள்.

விளையாட்டு அறையில் பூட்டிக் கிடந்த சனாவின் ஸ்பைக் ஷூவை வீரலட்சுமி எடுத்துக் கொடுத்தார். பெரிதாக இருந்ததால் முன்பக்கம் பஞ்சு அடைத்துக்கொண்டாள். அவள் ஓடத் தொடங்கியதும், ஆளில்லாத வளைவில் கேட்ட சத்தம் நின்றுபோனது. வீரலட்சுமிக்கு நெடுநாளைக்குப் பிறகு நல்ல தூக்கம் வந்தது.

சிவகங்கையில் மாவட்டப் போட்டி. பெனாசிர் கடைசி வளைவுக்கு வரும்போது முன்னால் இருந்தாள். வேலியைப் பிடித்துக்கொண்டு வீரலட்சுமி கத்தினார்: “கைய வீசு சனா, கைய வீசு!”

பெனாசிர் நின்றுவிட்டாள்.

மற்றவர்கள் அவளைத் தாண்டி ஓடிப்போனார்கள். அவள் தன் ஓடுபாதையிலேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு வேலியருகே வந்தாள். முகத்தில் கோபம் இல்லை.

“டீச்சர், எம் பேரு பெனாசிர்.”

“தெரியாம வாயில வந்துருச்சுத்தா...”

“இன்னிக்கு மட்டும் இல்ல டீச்சர். தெனமும் அப்பிடித்தான் கூப்பிடுறீக. ஒங்களுக்கே தெரியல. நானும் ஓடியாந்துக்கிட்டுத்தான் இருக்கேன்.” ஷூவை அவர் கையில் கொடுத்தாள். “வீட்டுலயும் அப்பிடித்தான்.”

திரும்பி வரும் பஸ்ஸில் மற்றப் பெண்களிடம் வீரலட்சுமி மெல்லக் கேட்டார். ஆமாம் டீச்சர் என்று தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அவருக்குத்தான் தெரியவில்லை.

மறுநாள் மாலை ஷூவை எடுத்துக்கொண்டு அமீனாவைப் பார்க்கப் போனார். நடந்ததைச் சொல்லி, தன்மேல்தான் தப்பு என்றார். அமீனா தலையசைத்து மறுத்தாள்.

“ஒங்க மேல மட்டும் இல்ல டீச்சர். தெனம் காலையில பள்ளிக்கூடத்துச் சுவத்துக்கு வெளிய வந்து நிப்பேன். கண்ண மூடிக்கிட்டா சனாதான் ஓடுவா. அதுக்காகத்தான் அன்னிக்கு ஒடனே சரின்னேன். இவ காணாமப் போறாளேன்னு நெனச்சுப் பாக்கவே இல்ல.”

ஷூவை வாங்கிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. அது வீட்டில் இருந்தால் பெனாசிர் தன் கண்ணில் படவே மாட்டாள் என்றாள். வீரலட்சுமி எழுந்து உள்ளறையைப் பார்த்துக் கூப்பிட்டார். அந்தப் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் நிறுத்தி, நாக்கைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது.

“பெனாசிர். நாளையிலருந்து நீ அழகுராஜா சார்கிட்டப் போத்தா.”

அந்த வருடக் கலைத் திருவிழாவில் ‘என் பள்ளி’ என்ற தலைப்பில் பெனாசிர் வரைந்த ஓவியம் மாவட்டத்தில் பரிசு வாங்கியது. காலை நேரத்து மைதானம். ஓடும் பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றும் அடையாளம் தெரிந்தன. வீரலட்சுமி சனாவின் முகத்தைத் தேடினார். இல்லை. தன்னைத்தான் கண்டார். ஓடுகிற பிள்ளைகளுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு, யாருமில்லாத வளைவைப் பார்த்து நிற்கும் ஒரு பெண். சுற்றுச்சுவருக்கு வெளியே, கறுப்பு முக்காட்டின் மேல்பாதி மட்டும். அமீனாவும் வந்து அதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பெனாசிர் இப்போது கும்பகோணத்தில் ஓவியம் படிக்கிறாள். ஊருக்கு வந்தால் டீச்சரைப் பார்க்க வருவாள். மைதானத்துக்குள் இறங்க மாட்டாள்.

வீரலட்சுமி இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறார். அவருடைய பிள்ளைகள் இன்னும் ஜெயிக்கிறார்கள். புதிதாக ஓட வந்திருக்கும் சிறுமிகளுக்குச் சனா யாரென்றே தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. ஆனாலும் ஓவிய அறை வளைவு வந்ததும் உள்பக்கத்தில் ஓர் ஆள் ஓடுவதற்கு இடம் விட்டு விலகித்தான் ஓடுகிறார்கள். நேரம் வீணாகிறது என்று முதலில் கண்டித்தார். இப்போது அந்த இடத்தில் சுண்ணாம்புக் கோட்டை அவரே கொஞ்சம் தள்ளிப் போடுகிறார்.