மாமிக்கு வந்த ஆசிரியர் பட்டியல்

காலை 6.40. முதலில் கண்ணில் பட்டது என் தங்கையின் எடை: 68.4 கிலோ.

செம்பூர் வீட்டில் நான் இன்னும் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. போனில் ஓர் எக்ஸெல் பட்டியல் வந்திருந்தது. அனுப்பியவர், மாட்டுங்காவில் அப்பா தனியாக இருக்கும் கட்டடத்தின் இரண்டாம் மாடி மாமி. வரன் பார்க்கும் வாட்ஸப் குரூப் ஒன்றைப் பல வருடங்களாக நடத்துகிறவர்.

பட்டியலில் நாற்பத்து மூன்று வரிகள். வரிக்கு ஓர் ஆசிரியர். பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், மதம், உயரம், எடை, ரத்தப் பிரிவு, மார்பு எக்ஸ்ரே முடிவு, வீட்டு முகவரி, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவரின் பெயர், போன் நம்பர். எல்லாரும் பாங்காக்கில் ஒரே பள்ளியில் வேலை பார்க்கும் வெளிநாட்டுக்காரர்கள். பன்னிரண்டாவது வரி என் தங்கை. அங்கே இயற்பியல் கற்பிக்கிறாள். கடைசி இரண்டு கட்டங்கள் மட்டும் பள்ளி போட்டவை அல்ல என்று பார்த்ததும் தெரிந்தது. ஒன்று நட்சத்திரம், மற்றது கோத்திரம். வரனுக்கு ஏற்றவை என்று நான்கு வரிகளுக்கு மஞ்சள் அடித்திருந்தது.

கீழே மாமியின் குரல் செய்தி. "டேய், உன் தங்கைக்கு நட்சத்திரம் காலியா இருக்கு பார். சீக்கிரம் சொல்லு, ஒரு நல்ல இடம் வந்திருக்கு."

தங்கையைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அங்கே மணி எட்டேகால் ஆகப்போகிறது. ஆசிரியர் அறையின் இரைச்சல் கேட்டது.

"அது மாமிகிட்ட எப்படிப் போச்சு?" என்றாள். பிறகு அவளே விடையையும் சொன்னாள். பணி அனுமதியைப் புதுப்பிக்க, பள்ளி அலுவலகம் எல்லாருடைய விவரங்களையும் ஒரே பட்டியலாக்கி முந்தின நாள் எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறது. அவரவர் வரியைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டுமாம். மாமியின் மகளும் அங்கேதான் வேதியியல் ஆசிரியை. அவளுடைய பழைய சான்றிதழ்கள் எல்லாம் மாட்டுங்காவில் மாமியின் பீரோவில் இருக்கின்றன. 'அம்மா, என் லைனை மட்டும் பாத்து சொல்லு' என்று அவள் முழுப் பட்டியலையும் அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள்.

"அண்ணா, என் லைன்ல கடைசியைப் பாத்தியா?"

பார்த்தேன். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர், மணிலாக்காரர் ஒருவர். அவர் பத்தொன்பதாவது வரி, இசை ஆசிரியர். பன்னிரண்டுக்கும் பத்தொன்பதுக்கும் முகவரி ஒன்றே, வீட்டு எண் உட்பட. இருவரும் சேர்ந்து வாழ்வது, ஒரு வீடியோ காலில் அவர் பின்னால் நடந்துபோனதிலிருந்து, எனக்கு ஒரு வருடமாகத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. அடுத்த வாரம் லீவில் வந்து நேரில் சொல்வதாக இருந்தாள்.

"அப்பா இதை என் வாயால கேக்கணும். எக்ஸெல்ல பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. மாமியை எப்படியாவது நிறுத்து."

மாமிக்குப் பதில் போடாமல் கிளம்பினேன். நேரில் பேசுவதே நல்லது என்று நினைத்தேன். அது தவறு. குர்லாவில் வண்டி மாறி மாட்டுங்காவில் இறங்கியபோது மணி ஏழரை.

மாமி சாப்பாட்டு மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். போன் குக்கர் மேல் சாய்ந்து நின்றது.

"மாமி, அந்த ஃபைலை டிலீட் பண்ணுங்கோ."

"ஏன்டா? எவ்வளவு கிளீனா இருக்கு! நம்மளவா பயோடேட்டாவுல ஹைட்டுன்னா ரெண்டு இஞ்ச் சேர்த்துத்தான் போடறா. இது டாக்டர் அளந்தது."

இருபது வருடம் செய்தித்தாள் அலுவலகத்தில் இருந்தவன் நான், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. மாமியின் தொழிலில் இவ்வளவு சரிபார்க்கப்பட்ட தகவல் இதற்கு முன் வந்திருக்காது.

"நாற்பத்து மூணு பேர் பாஸ்போர்ட் நம்பர் இருக்கு மாமி."

"நான் அதை வெச்சுண்டு எங்கே போகப்போறேன்? ரயில்ல டோம்பிவிலி தாண்டினது கிடையாது."

"இதெல்லாம் பிரைவேட்."

"பிரைவேட்டுன்னா ஸ்கூல் ஏன் ஊருக்கே அனுப்பித்து?"

எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டேன். உனக்கும் குரூப்புக்கும் மட்டும்தான் என்றார். குரூப்பில் எத்தனை பேர்? இருநூற்றுப் பதினான்கு. அப்பா அதில் இல்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

மாமி நல்லவர். கையைத் துடைத்துக்கொண்டு, நான் காட்டிய இடத்தில் அழுத்தி, எல்லாருக்குமாக அழித்தார். அரை நிமிடத்தில் ஒன்பது பேர் என்ன அழித்தீர்கள் என்று கேட்டார்கள். காட்கோபர் மாமா ஒருவர், 'தவறிப்போய் டிலீட் ஆயிடுத்து போலிருக்கு, என்கிட்ட இருக்கு' என்று எழுதி, பட்டியலை மறுபடி போட்டார். கீழே எட்டு பேர் கைகூப்பி நன்றி சொன்னார்கள்.

"பாத்தியா, எவ்வளவு டிமாண்டு!" என்றார் மாமி. "நீ வேற பதிலே போடலை. அதான் காண்டாக்ட் நம்பருக்கே அடிச்சேன்."

"எந்த நம்பர்?"

"உன் தங்கை லைன்ல கடைசியா ஒரு பேர் இருக்கே."

மாமியின் உலகத்தில் பயோடேட்டாவின் கடைசி வரியில் இருக்கிறவர்தான் வரன் விஷயம் பேச வேண்டியவர். மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். இங்கே வெளிநாட்டுப் பெயர் இருந்தது. முகவரியும் அவளுடையதே. ஆகவே வீட்டு ஓனர் என்று மாமி முடிவு செய்திருந்தார்.

"பாவம், தனியா இருக்கற பொண்ணு, ஓனரையே கார்டியனாப் போட்டிருக்கா. தங்கமான மனுஷன்டா. கல்யாணத்துக்குப் பாக்கறோம், பர்த் டைம் வேணும்னேன். காலம்பற நாலு அம்பத்திரண்டுன்னு டக்குன்னு சொன்னார்."

"எனக்கே தெரியாது மாமி."

"அதான் சொல்றேன், எவ்வளவு அக்கறை பார்!" என்றவருக்கு ஏதோ உறைத்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை எடுத்தார். விரல் பன்னிரண்டாவது வரியிலிருந்து மெதுவாக இறங்கி, பத்தொன்பதில் நின்றது.

"ஓனர் இல்லையா?"

"இல்லை."

"ஐயையோ. அவர்கிட்டயே வரன் பாக்கறோம்னு சொல்லிட்டேனே."

"என்ன சொன்னார்?"

"குட் லக் மேடம்னார்."

பிறகு, குரலைத் தாழ்த்தி, "டைம் சரியான்னு கேக்க உங்க அப்பாவுக்கும் அடிச்சேன். எடுக்கலை. வாக்கிங் போயிருப்பார்" என்றார். இனி அப்பாவிடம் வாயைத் திறப்பதில்லை என்று சத்தியமும் செய்தார். அந்தச் சத்தியத்தின் ஆயுள் எனக்குத் தெரியும்.

படிக்கட்டிலிருந்தே தங்கைக்கு எழுதினேன்: 'இப்போதே சொல்.' அவள் வகுப்பில் இருந்தாள். அப்பா வாக்கிங் போகும் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா பெஞ்சில் நேராக உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தார். துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன் என்றால் கப்பலுக்குப் பேசுவதுபோல உரக்கப் பேசுவார்.

"ம்... ம்... எத்தனை நாளா?... ம்... எந்த ஊர்?... மணிலாவா? பெரிய போர்ட்டாச்சே!... மியூசிக்கா? வாய்ப்பாட்டா, வாத்தியமா?... சரி, நீ ஏன் அழறே? கிளாஸ்ல யாரு இருக்கா?... கணக்கு குடுத்துட்டு வந்தியா? அப்போ போ. பசங்க எல்லாம் காப்பி அடிச்சுண்டிருப்பா."

அப்பா போனை மடியில் வைத்தார். என்னை அப்போதுதான் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஸ்கூலுக்கு?"

"ஃபார்ம்ல எழுதிக் குடுத்திருக்கா."

"மாமிக்கு?"

"அரை மணி நேரமா."

"ஆக, நான்தான் கடைசி."

"உங்ககிட்ட மட்டும்தாம்ப்பா அவளே சொன்னா. மத்தவா எல்லாம் ஃபார்ம்லயோ போன்லயோ பாத்தது."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மாமி. அப்பா எடுத்தார்.

"சொல்லுங்கோ... ஆமாம், நாலு அம்பத்திரண்டுதான். யாரு சொன்னா?... ஓ... கரெக்டாத்தான் சொல்லியிருக்கார்... இல்லை, இடம் எல்லாம் பாக்க வேண்டாம். அந்தப் பையனோட நம்பரை மட்டும் எனக்கு அனுப்புங்கோ."

"அப்பா," என்றேன், "அது அவரோட சொந்த நம்பர். அவரைக் கேக்காம வாங்கறது தப்பு."

"எத்தனை பேர்கிட்ட இருக்கு இப்போ?"

"இருநூத்திப் பதினாலு."

"மாமனார்கிட்ட மட்டும் இருக்கக் கூடாதா?"

மறுநாள் பள்ளியிலிருந்து ஆசிரியர்களுக்கு மன்னிப்புக் கடிதம் போனது. பட்டியலை யாரும் வெளியே பகிர வேண்டாம், வைத்திருப்பவர்கள் அழித்துவிட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எந்தப் பட்டியல் என்பதில் குழப்பம் வராமலிருக்க அதையும் இணைத்திருந்தார்கள். தங்கை மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தாள். மாமியின் மகள் கீழே கையெழுத்துப் போட்டாள்.

மாமி அனுப்பிய நம்பரில் அப்பா அந்த இசை ஆசிரியரைக் கூப்பிட்டது அதற்கு முந்தின நாள் மாலை, ஆறு மணிக்கு. மாமனாரும் மாப்பிள்ளையும் பதினேழு நிமிடம் பேசினார்கள்.